இஞ்சி பீர் பிளான்ட்

கம்பெனி கதவு மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் வரிசை வீட்டு ஆண்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். சைரன் ஊதாவிட்டாலும் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். குளித்து, சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்கள். பிறகு டீக்கடை. பிறகு கம்பெனி கேட். பிறகு மறுபடியும் டீக்கடை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். "இன்னைக்குப் பேச்சுவார்த்தையாம்" என்று போவார், "நாளைக்காம்" என்று வருவார்.

எண்பதுகளின் நடுவில், ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டை பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. மத்திகிரியில் கால்நடைப் பண்ணையைத் தாண்டி, சிமெண்ட் ஷீட் வேய்ந்த வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வரிசையில் முக்கால்வாசிப் பேர் ஒரே கம்பெனி. லாரிக்கும் காருக்கும் பிரேக் குழாய் செய்கிற கம்பெனி. ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், அதற்கடுத்து திருநெல்வேலித் தமிழ். குழாயடியில் சண்டை வந்தால் மூன்று பாஷையிலும் திட்டக் கற்றுக்கொண்டுதான் குடியேற வேண்டும். நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கே கான்ட்ராக்ட் ஆள். மற்றவர்களுக்காவது யூனியன் இருந்தது, கம்பெனி திறந்தால் உள்ளே போய்விடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. "தெறந்தா எடுத்துக்குவாங்க" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிடும். நான் எதிர்த்துக் கேட்க மாட்டேன். கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

என் பயம் வேறு. பேரிகைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், இருந்தார். அவர்கள் வழிவழியாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். கல்யாணமான புதிதில் நானும் அங்கே இருந்து களை பறித்திருக்கிறேன், ராகி அறுத்திருக்கிறேன். வேலை எனக்குப் பயமில்லை. உழைக்க அஞ்சியவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆனால் நிலத்துக்காரர் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய், தூக்கி ஊற்றும் மோரைக் கையேந்தி வாங்கி, அதைக் குனிந்தபடியே குடித்துவிட்டு வரும் அந்த வாழ்க்கைக்கு இனிமேல் திரும்புவதில்லை என்று ஓசூர் பஸ் ஏறிய அன்றே முடிவு செய்திருந்தேன். கம்பெனி மூடியதிலிருந்து மூத்தார் ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். "தக்காளி போட்டிருக்காங்க, ரெண்டு பேருக்கும் வேல இருக்குது, வந்து சேருங்க." கடைசியாக வந்த செய்தி இன்னும் கறாராக இருந்தது. மலைக்கோயில் தேர் வரைக்கும் பார்ப்பாராம். தேர் முடிந்த கையோடு டெம்போ எடுத்துக்கொண்டு வந்துவிடுவாராம்.

இவர் "சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகூட உள்ளே ஓடியிருக்கும்.

பண்ணைக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா இருந்தார். காலையில் அவருக்குச் சமைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தை மாதத்தில் அவர் வெளிநாட்டில் இருந்த மகனிடம் போய்ச் சேரக் கிளம்பினார். வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அவருடைய இரும்புக் கட்டிலின் மேல் எனக்கு ஒரு கண். கட்டில் தோட்டக்காரருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே கலங்கல் தண்ணீர், அடியில் வெள்ளையாக வண்டல்.

"இது ஜிஞ்சர் பீர் பிளான்ட். உயிர் இருக்கு இதுக்கு. தினமும் சாப்பாடு போடணும்" என்றார் அந்த அம்மா. சாப்பாடு என்றால் ஒரு ஸ்பூன் இடித்த இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. வாரக் கடைசியில் மேலே தெளிந்ததை வடித்து, எலுமிச்சையும் சர்க்கரைத் தண்ணீரும் கலந்து பாட்டிலில் அடைத்தால் இரண்டு மூன்று நாளில் நுரைத்துக்கொண்டு வரும். அடி வண்டலில் பாதியைத் திரும்ப ஜாடியில் போட வேண்டும், மீதிப் பாதியை யாருக்காவது கொடுக்க வேண்டும். பேர்தான் பீர், குழந்தைகள்கூடக் குடிக்கலாம் என்றார். அவர் வீட்டில் நானே குடித்திருக்கிறேன். மூக்கில் சுருக்கென்று ஏறும், வயிறு லேசாகிவிடும். இருந்தாலும் கட்டில் போன வருத்தத்தில் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

இவர் அதைப் போய் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். "அந்தம்மா ஊருக்குப் போறாங்கல்ல, எங்க வூட்ல ஜிஞ்சர் பீர் பிளான்ட்டக் குடுத்துட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாராம். சத்தியம் செய்கிறார்.

எங்கள் ஊரில் பிளான்ட் என்றால் செடி என்று யாருக்குத் தோன்றும்? பிளான்ட் என்றால் கம்பெனி. பிளான்ட் ஒன், பிளான்ட் டூ. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளே "எங்கப்பா பிளான்ட் டூ" என்றுதான் சொல்லும். மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் பீர் பிளான்ட் என்று விழுந்தால் என்ன ஆகும்? பொழுது சாய்வதற்குள் என் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"அக்கா, நெஜந்தானா? பீர் பிளான்ட் உங்க கைக்கு வந்துருச்சாமே?" என்று முதலில் கேட்டவர் எதிர்வீட்டு ஃபிட்டர். கம்பெனியில் பிரேக் குழாய்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். கை சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வீட்டுக் கதவின் கீலை அந்த மாதங்களில் எத்தனை தடவை கழற்றி மாட்டினார் என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

"எத்தினி ஷிப்ட்டு ஓடும் அக்கா?" என்றார் இன்னொருவர்.

"கேன்டீன் உண்டா?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வேலை கேட்க வந்திருந்தார்கள். என் வீட்டு வாசலில், என்னிடம். இல்லை என்று சொல்ல வாய் வராமல், உள்ளே போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் வைத்தேன்.

"இதுவா?" என்றார் ஃபிட்டர்.

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா, இதுதான். உங்க பிளான்ட்டு பூட்டிக் கெடக்குது. என் பிளான்ட்டு ஓடிக்கினு இருக்குது. கண்ணு இருந்தாப் பாருங்க, கொமுளி வருது" என்றேன்.

குனிந்து பார்த்தார்கள். அடி வண்டலிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. ஃபிட்டர் மட்டும் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கடைசியில் எழுந்து, "ரன்னிங்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் குளித்துத் தலை வாரிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அக்கா, இதையே பெருசாப் போட்டா இன்னா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் தீர்மானம் போடவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. உட்கார்ந்திருக்கப் பிடிக்காத ஒரு கூட்டம், உட்கார்ந்திருக்கவே தெரியாத நான். பக்கத்து வீட்டுத் தெலுங்கக்கா தன் காலி மாட்டுக் கொட்டாயைக் காட்டி, "காலிகா உந்தி கதா, தீஸ்கோ" என்றாள். காலியாகத்தானே இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அர்த்தம். கொட்டாய்க்குப் பின்னாலேயே அவள் கிணறு. ஜாடி வண்டலில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன், அவள் தன்னுடையதில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் வரிசையில் ஜாடி இல்லாத வீடு இல்லை. எந்த வீட்டு ஜாடி நன்றாகக் கொதிக்கிறது என்று குழாயடியில் போட்டி. "உன்னுது சவலப்புள்ள மாதிரி இருக்குதே, சோறு வெக்கிறியா இல்லியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்வார்கள். ரேஷன் சர்க்கரையை ஒவ்வொரு வீடும் கரண்டி கரண்டியாக எடுத்து வைத்தது. இஞ்சி பேரிகைச் சந்தையிலிருந்து வந்தது.

பாட்டிலுக்கு ஒருவர் கிடைத்தார். பாகலூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து பார்களில் காலி பாட்டில் பொறுக்கி, சைக்கிளில் சாக்குக் கட்டி விற்பவர். எங்கள் பக்கம் சாராயக் கடை ஒரு காலம் திறந்திருக்கும், ஒரு காலம் மூடியிருக்கும். அந்தப் பக்கம் எப்போதும் திறந்துதான் இருக்கும். அதனால் அவருக்குச் சரக்குப் பஞ்சமே இல்லை. பீர் பிளான்ட் என்று கேள்விப்பட்டு, தானாகவே வந்து இறக்கினார். ஜாடியைக் காட்டியபோது ஏமாந்துதான் போனார். ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, "சென்னாகிதே அக்கா" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே சொன்ன பிறகு எங்களுக்குத் தைரியம் வந்தது.

மூடி அடிக்கும் மெஷினை ஃபிட்டரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்தார்கள். பழைய இரும்புக் கடைச் சாமான்கள், யாரோ தெரிந்த லேத் பட்டறையில் கடைந்த ஓர் அச்சு, நீளமான கைப்பிடி. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. இரும்புத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிட உட்காருவார். நான் திட்டுவேன், மனதுக்குள் சந்தோஷப்படுவேன்.

மெஷினில் அடைத்த முதல் பாட்டிலை ஃபிட்டர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். கம்பெனியில் அவர் வேலை அதுதான். குழாயைத் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தால் குமிழி வரக்கூடாது. ஒரே ஒரு குமிழி வந்தாலும் அது ரிஜெக்ட். பிரேக் குழாய் கசிந்தால் லாரி நிற்காது, ஆள் சாவான். வருடக்கணக்கில் அந்தப் பயத்திலேயே ஊறிய மனுஷன். ஒவ்வொரு பாட்டிலையும் அப்படி முக்கிப் பார்த்து, லேசாகக் குமிழி விட்டவற்றையெல்லாம் திரும்பவும் கைப்பிடியில் தொங்கி அடைத்தார். "ஒரு சொட்டு கசியாது அக்கா, கேரண்டி" என்றார். எங்கள் ஆண்கள் எல்லோரும் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மாசி வெயில் கொட்டாய் ஷீட்டில் இறங்கிய ஒரு மத்தியானம், தெலுங்கக்காவும் நானும் கிணற்றடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே படார் என்று ஒரு சத்தம். என்னவென்று திரும்புவதற்குள் இன்னொன்று. பிறகு வரிசையாக வெடித்தது. உள்ளேயிருந்த பாட்டில்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். "அய்யோ, பாம்பு பாம்பு" என்று கத்தினார். அவர் சொன்னது பாம், வெடிகுண்டு; கன்னடக்காரர்கள் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவார்கள். எதிர்வீட்டார் பாம்பு அடிக்கத் தடியோடு ஓடிவந்தார்கள். சாமி புண்ணியத்தில் ஒருவருக்கும் காயமில்லை.

சத்தம் அடங்கியதும் உள்ளே போனோம். தரையெல்லாம் கண்ணாடி, நுரை, இஞ்சி வாசனை. வரிசையில் இருந்த அத்தனை வீட்டுச் சர்க்கரையும் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் ஓர் உடைந்த கழுத்தைப் பொறுக்கி எடுத்தார். மூடி அதில் அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, பாட்டிலே போச்சு, மூடி வுடல" என்றார். பெருமையாகச் சொன்னார்!

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "இது இன்னா பிரேக்கா? வண்டி நிக்கணும்னு அடைச்சியா? இது மூச்சு வுடற சாமான்யா. கொஞ்சம் கசியணும்!"

"கசிஞ்சா ரிஜெக்ட் அக்கா" என்றார் அவர்.

"கசியலன்னாதான் ரிஜெக்ட்!"

அவருக்கு அது தலையில் ஏறவே இல்லை. திமிர் இல்லை, பாவம். தெரிந்தே கசிய விடுவது என்பது அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். வரிசையே இரண்டு கட்சியாகிவிட்டது. ஆண்களெல்லாம் கண்ணாடி மட்டம், வெயில் அதிகம் என்றார்கள். பெண்களெல்லாம் என் பக்கம். ஃபிட்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் கதவுக் கீலைக் கழற்ற ஆரம்பித்தார்.

அந்த வாரம் பட்ட பாட்டை நான் என்றுமே பட்டதில்லை. தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் மறுபடியும் காலையில் கேட்டுக்குப் போக ஆரம்பித்தார். நான் ஒரு வேலையும் இல்லாமல் கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்பில் ஏதாவது வைத்தால் மறந்துவிடுவேன், களி அடிப்பிடிக்கும். டெம்போ சத்தம் எது கேட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். சர்க்கரை கொடுத்த வீடுகளில் என்ன முகத்தோடு போய் நிற்பது? அடுத்த ரேஷனுக்கு இன்னும் நாள் கிடந்தது.

தெலுங்கக்காதான் முதலில் வந்தாள். கையில் வெல்ல அச்சு ஒன்று. "சக்கர லேது, இது போடு" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஆளுக்கொரு வெல்லத்தோடு வந்தார்கள். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "தேருக்கு நாளு கம்மியா இருக்குது, நின்னுக்கினே இருந்தா எப்பிடி?" என்று என்னைத்தான் விரட்டினார்கள். சர்க்கரையைவிட வெல்லம் நன்றாகவே நுரைத்தது. நிறம் காப்பித் தண்ணீர் மாதிரி வந்தது, ருசி இன்னும் ஒரு படி கூடியது.

மெஷினை என் வீட்டுக்காரர் சரிசெய்தார். கைப்பிடி முழுதும் இறங்காமல் நடுவில் ஒரு வாஷரை வைத்துத் தடுத்துவிட்டார். மூடி பிடிக்கும், ஆனால் இறுக்காது. காதை வைத்துக் கேட்டால் உஸ் என்று மெல்லிய சத்தம் வரும். ஃபிட்டரைக் கூப்பிட்டு வந்து கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பாட்டிலை அடைக்கும்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் அத்தனை பாட்டிலையும் அவர்தான் அடைத்தார். ஈரச் சாக்கு போர்த்திக் கிணற்றடியில் படுக்க வைத்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

தேர் அன்று மலைக்கோயில் அடிவாரத்தில் பனியன் கம்பெனிக்காரர் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு போட்டோம். சாக்குக்குள் பாட்டில்கள், பக்கத்தில் ஒரு அண்டாத் தண்ணீர். வெயில் கொளுத்தியது. பாட்டில்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "ஷுண்டி பீரு! ஷுண்டி பீரு!" என்று கூவத் தொடங்கினார். ஷுண்டி என்றால் கன்னடத்தில் இஞ்சி. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை.

நினைத்தது போலவே விழாக் குழுவிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அசல் பீர் பாட்டில்தானே. "தேர்ல பீரா விக்கிற? யார்யா நீங்கள்லாம்?" என்றார். இத்தனை நாள் பாடும் இந்த ஒரு வார்த்தையில் போய்விடும் போலிருந்தது.

அப்போது பாகலூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு அடியிலும் பின்னாலும் தேடினார்கள். "பீரு எல்லி? எல்லி இட்டித்தீரா?" என்று, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று, பாட்டில்காரரைக் கேட்டார்கள். கன்னடத்தில் துணி வைக்கும் இரும்பு பீரோவுக்கும் பீரு என்றுதான் பெயர். திருவிழாவில் பீரோ மலிவாகக் கிடைக்கிறது என்று நினைத்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலைவர்தான் முதலில் சிரித்தார். "இஞ்சி பீரோவா!" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சந்தடியில் நான் ஒரு பாட்டிலைத் திறந்து அவர் கையில் திணித்தேன். முகர்ந்து பார்த்தார், ஒரு மடக்கு குடித்தார், பாட்டிலைக் காலி செய்தார். பிறகு தேர் வடம் பிடித்தவர்களுக்கே கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். "பேர மட்டும் மாத்திக்கோம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார்.

பேர் அங்கேயே மாறிவிட்டது. "இஞ்சி பீரோ, இஞ்சி பீரோ" என்று பாட்டில்காரர் கூவினார். பொழுது இறங்குவதற்குள் சாக்கு காலி. பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர்கள் வந்து நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்டாத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கம்பெனி மூடிய பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை வீடு திரும்பியதும் செய்தி வந்தது. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது, காலையில் கம்பெனி திறக்கிறது. வரிசையே தீபாவளி கொண்டாடியது.

மறுநாள் சைரன் ஊதியது. ஆண்களெல்லாம் குளித்து, சட்டை மாட்டி, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். ஃபிட்டர் போகிற வழியில் கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்து, "சாயங்காலம் வந்து அடைக்கிறன் அக்கா, வேற யாரும் மெஷின்ல கை வெக்க வாணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினார். என் வீட்டுக்காரரும் போனார். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கான்ட்ராக்ட் ஆட்களை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்களாம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே அடுப்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கே மூத்தார் டெம்போவோடு வந்து இறங்கினார்.

தம்பி முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "வுடுடா, நம்ம ஊரு இருக்குது" என்று தோளைத் தட்டினார். கெட்டவர் இல்லை அவர். தன் சொந்தச் செலவில் வண்டி எடுத்துக்கொண்டு, தம்பி பட்டினி கிடக்கக்கூடாது என்று வந்தவர்தான். இரண்டு பேரும் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள். பாய், பெட்டி, குடம், கடைசியில் ஆட்டுக்கல். நான் கொட்டாயில் தேரிலிருந்து திரும்பிய பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே மறுபடி மறுபடி கழுவினேன். கையை நிறுத்தினால் கத்திவிடுவேன் என்று பயம்.

மூத்தார் கொட்டாய் வாசலுக்கு வந்தார். "ஏம்மா, கெளம்பு. இன்னும் இன்னா பண்ணிக்கினு இருக்க?"

எழுந்து நின்றேன். "மாமா, நான் வரல. கோவத்துல சொல்லல. நெனச்சுத்தான் சொல்றன். அந்த ஊர்ல இனிமே என்னால குனிய முடியாது."

அவர் முகம் சிறுத்துவிட்டது. "இங்க உனுக்கு யாரு இருக்கா? இன்னா வேல இருக்குது?" என்றார்.

சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் அந்த நேரத்தில் உதவவில்லை. எனக்குப் பின்னால் கிணற்றடியிலிருந்து தெலுங்கக்காதான் சொன்னாள். "ஆமெ இக்கட மேஸ்திரி."

பேரிகைப் பக்கத்தில் தெலுங்கு புரியாதவர் கிடையாது. இவள் இங்கே மேஸ்திரி. அந்த வார்த்தையின் கனம் மூத்தாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் மேஸ்திரி என்றால் வரப்பில் குடை பிடித்து நிற்பவன். யார் குனிய வேண்டும், யார் எப்போது நிமிரலாம் என்று சொல்பவன். நிலத்துக்காரர் வீட்டு ஆளாகத்தான் எப்போதும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண்கூட அந்தப் பேர் வாங்கியதில்லை. மூத்தார் பெரிதாகச் சிரித்தார். "பொம்பள மேஸ்திரியா?" என்று சுற்றிலும் பார்த்தார். கையில் பாட்டிலும் சாம்பலுமாக வரிசைப் பெண்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

டெம்போவின் பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். பாயை இறக்கினார், பெட்டியை இறக்கினார், குடத்தை இறக்கினார். ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது ஒருவர் தூக்கும் கல் இல்லை. அசைந்து கொடுத்தது, வரவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"டேய், கால்ல போட்டுக்குவ" என்றார் மூத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மறுபக்கம் பிடித்தார். இருவரும் முக்கி முனகி இறக்கி, எங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

"இங்க வேணாம் மாமா. கொட்டாய்க்குக் கொண்டு போங்க. இஞ்சி ஆட்டணும்" என்றேன்.

மூத்தார் மூச்சு வாங்கிக்கொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்.

"தூக்குடா."